கதவுக்குப் பின்னால் சோதனை

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். பட்டு நூல் ஈரத்தில் ஒட்டி அறுந்துகொண்டே இருந்தது. தறிக் கொட்டகையில் ஜரிகை நூல் கண்டுகள் காணாமல் போகின்றனவாம். அதனால் இன்று முதல் வீட்டுக்குப் போகும்போது சோதனை. நூல் சுற்றும் பெண்களுக்கு மட்டும்! தறிக்காரர்களுக்குக் கிடையாது. சோதிப்பது எங்களை மேய்க்கும் மாஸ்திரி. (இனி மா. போதும். முழுசாக எழுதக்கூட மனமில்லை.)

"ஒவ்வொருத்தியா உள்ள வாங்க. மடிய அவுத்துக் காட்டணும்."

சின்ன அறை. கதவைச் சாத்துகிறான். மடியில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் கை இடுப்பை விட்டு நகரவில்லை. எழுதவே கூசுகிறது.

எங்களோடு நூல் சுற்றும் பேபி முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. மா.வின் தெருக்காரி. நாங்கள் பேசுவதெல்லாம் அவன் காதுக்கு வேறு எப்படிப் போகும்?

செவ்வாய்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், ஊக்கு.

ஐயம்பேட்டைக் கமலா அவன் கையைத் தட்டிவிட்டாள். சத்தம் வெளியே கேட்டது. அப்படியே முதலாளியிடம் போனாள், நாங்கள் எல்லாரும் பின்னால். பேபி கடைசியில், வாயே திறக்காமல்.

"பொம்பளைங்கள பொம்பளதான் பாக்கணும் முதலாளி. இல்லன்னா நாளைக்கு யாரும் வரமாட்டோம்" என்றாள் கமலா.

முதலாளி தலையைச் சொறிந்தார். "ஜரிகை காணாம போய்க்கினே இருக்குது, நான் இன்னா பண்ண? சரி, சரோஜா, நீயே பாரும்மா."

என்னை ஏன்? மா. சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அந்தச் சிரிப்பு சரியில்லை.

புதன்

மழை விட்டது. மா. கமலாவிடம் தேனாகப் பேசினான். "சாப்டியாமா?" என்னவோ இருக்கிறது. எங்கள் பைகள் மாட்டியிருக்கும் பக்கம் மத்தியானம் அவனுக்கு என்ன வேலை?

சாயங்காலம் கமலா முறை. கதவுக்கு வெளியே மா. குரல்: "அவ டிபன் டப்பா அடியில நல்லா பாரு."

பார்த்தேன். ஜரிகைக் கண்டு.

"சத்தியமா நான் இல்லக்கா." அழக்கூட வரவில்லை அவளுக்கு. ஒரு நொடி நானும் சந்தேகப்பட்டேன். சீ! டப்பா அடியில் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? திருடி என்று பேர் வந்தால் இந்த ஊரில் எந்தக் கொட்டகையிலும் இவளைச் சேர்க்க மாட்டார்கள். கண்டை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். வெளியே முதலாளி நின்றிருந்தார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மா. முகம் தொங்கிப்போனது. உடனே, "உன்ன யாரு பாக்கறது? பேபி, நீ பாரு" என்றான்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். பேபி கதவைச் சாத்தவில்லை. எல்லார் எதிரிலும் இடுப்பைத் தடவினாள். விரல் கண்டின் மேலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மாஸ்திரி. அன்னிக்கு என்கிட்டயும் ஒண்ணுமில்ல. அப்பறமும் நீ கைய எடுக்கல."

முதலாளி இந்த முறை தலையைச் சொறியவில்லை. மா.வையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்டு தலையணைக்கு அடியில். காலையில் முதல் வேலையாக யாரும் பார்க்காமல் கொட்டகை அலமாரியில் வைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் மறந்தே போனது.