சும்மா முறியுமா?

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அண்ணன் வீட்டுக் குளியலறை வாசலில் தடுமாறிச் சுவரில் கை ஊன்றினாளாம். ஊன்றினால் முறியுமா? டாக்டர் கேட்டது அம்மாவை. பதில் சொன்னது அண்ணி.

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. காயமும் காரணமும் பொருந்தாவிட்டால் சிவப்பு மையில் சுழிப்பேன். இதைச் சுழித்திருப்பேன்.

மார்ச் 6

அண்ணி மாடியில் துணி காயப்போடும்போது அம்மாவைக் கேட்டேன். "அவங்க தள்ளிவிட்டாங்களாம்மா?"

"படிப்பு ஏற ஏற உனக்குப் புத்தி எறங்குது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பயந்தவர்களும் இப்படித்தான் திரும்பிப் படுப்பார்கள்.

மார்ச் 9

டாக்டர் ஏதோ பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்திருக்கிறாராம். "அத்தைக்கு எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சிருக்கலாம்னு சொல்றாரு. வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அண்ணி.

நல்ல சாக்கு. போன மாதம்வரை இரண்டு கையிலும் வாளி தூக்கியவளுக்கு எலும்பு அரிக்குமா?

மார்ச் 11

இன்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். எனக்கு ஏது அவ்வளவு வாய்? "அம்மா கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்" என்று அண்ணனிடம் சொன்னதோடு சரி.

அண்ணி அம்மாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். சீட்டை என் கையில் கொடுத்தாள். "வியாழன் மறந்துராத."

மார்ச் 13

வியாழன். போகவில்லை. போனால் அவள் கதையை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மார்ச் 22

காலையில் என் அறை ஜன்னல் இறுகிக்கொண்டது. நான் எழுந்து வருவதற்குள் அம்மா இடது கையால் ஓர் இழு இழுத்தாள். முகம் வெளுத்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. யாரும் தொடவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

அம்மாவின் அலறல் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் வந்தார். அம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னை. "அவங்கள என்னம்மா பண்ண?"

"நான் ஒன்னும் பண்ணல. ஜன்னலத்தான் இழுத்தாங்க" என்றேன். யார் நம்புவா? படிவமா வந்திருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.

அதே நாள், மாலை

முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. "இவ்வளவு மெலிஞ்ச எலும்புக்கு இழுத்ததே போதும். கை முறிஞ்சப்பவே பரிசோதனை எடுக்கச் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொன்னாங்க" என்றேன். சீட்டு என் பையில்தான் இருந்தது.

அண்ணிக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு முதுகு..." என்றேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 30

அம்மா அண்ணன் வீட்டில். எலும்புக்கான ஊசி தொடங்கியாயிற்று. உட்கார வைப்பதற்கு முன் முதுகுப் பட்டை கட்ட வேண்டும். இன்று அண்ணி என்னைக் கட்டச் சொன்னாள்.

"அண்ணி, நான் உங்கள..."

"தெரியும். ரொம்ப இறுக்காத. ஒரு விரல் போகணும்."

விரலை விட்டுப் பார்த்தேன். போயிற்று.