டாக்டர் காட்டிய கடிகாரம்

என் மூத்த மகளுக்கு,

உன் பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் என் பேச்சு தடுமாறியது. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். பெயர் வாயில் வரவில்லை. "மணி பாக்கிறது" என்றேன். ராத்திரி முழுக்க உன் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு வாய் குழறாதா? அது உனக்குத் தெரியும். தெரிந்தும், "வீட்லயும் இப்படித்தான் டாக்டர், எல்லாத்தையும் மறந்துடறாங்க" என்றாய்.

மறுவாரமே பிள்ளையைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டாய். "இனிமே நீ தனியா அவனைப் பாத்துக்க வேணாம்மா" என்றாய். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் உன் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கா மறதி? பிரசவ அறையில் நர்ஸ் உன் புருஷன் பெயரைக் கேட்டதும் நீ என் முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாயே. "யாரைக் கட்டிக்கிட்டோம்னே மறந்துட்டியா?" என்று அவள் சிரித்தாள். "வலியில துடிக்கிறவகிட்ட என்னடி கேள்வி? என்னைக் கேளு" என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

டாக்டர் கேட்டபோது நானும் உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ ஆபீசுக்கு நேரமாகிறதென்று அதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா