வேலிக்கு அழுதவருக்கு

சார்,

இன்று கல்லறைத் திருநாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெழுகுவத்தி வாடையும் சாமந்தி வாடையும் காற்றில் வந்தன. உங்கள் மகன்கள் உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து மாலை போட்டிருப்பார்கள். நான் இந்தப் பக்கம், என் அப்பாவின் மண்மேட்டில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் நினைவு வந்தது. கோபத்தோடுதான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் திருச்சிப் பள்ளியிலிருந்து நாம் இரண்டு பேரும் ஓர் ஆசிரியர் குழுவோடு அமெரிக்கா போனோம். கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடிய ஊர்களைப் பார்க்கும் கல்விப் பயணம். அலபாமாவில் பஸ் ஏறியதும் என் தோளைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தீர்கள். "முன்னாடி உக்காருங்க தம்பி. இதுக்காக எத்தனை பேர் அடி வாங்கியிருக்காங்க!" உங்களை நம்பிவிட்டேன்.

ஒரு சிற்றூரில் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார்கள். நடுவே துருப்பிடித்த கம்பிவேலி. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர். நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டீர்கள். "செத்தப்புறமும் பிரிச்சு வச்சிருக்கானே, பாவி" என்று குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். வழிகாட்டியாக வந்த அம்மாளும் அழுதுவிட்டார். படம் எடுத்தது நான்.

திரும்பி வந்ததும் முசிறி சாலையில் நம் ஊர் மாதா கோயில் கூடத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டினீர்கள். அந்தப் படம் திரையில் விழுந்தபோது, பின்வரிசையில் எங்கள் தெருக்காரர்களோடு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து கேட்டார். "நம்ம கல்லறைச் சுவர் மாதிரியே இருக்குங்களே, சார்?"

கூடத்தில் சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். "அது நிறம் பாத்துக் கட்டுனது, பெரியவரே. நம்மளது இட வசதிக்காகக் கட்டுனது." என்ன வாய் சார் உங்களுக்கு! எங்கள் சாதிப் பிணங்களைச் சுவருக்கு வெளியே தள்ளியதற்கு இட வசதி என்று பெயர். ஸ்லைடை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அப்போது மாதா கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் நீங்கள். கல்லறையின் பெரிய கேட் சாவி உங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. "ஒரே ஒரு தடவை திறந்துவிடுங்க சார், அப்பாவை அந்த வழியாத் தூக்கிட்டுப் போறோம். உங்களோட பக்கத்து சீட்டுல வந்தவன் கேக்குறேன்" என்றேன். சாவியைப் பார்த்தீர்கள், தரையைப் பார்த்தீர்கள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க தம்பி. ஊர் ஒத்துக்கணுமே. கொஞ்சம் பொறுங்க." பிணம் பொறுக்குமா? கருவேலங்காட்டுப் பின்வழியில், முழங்கால் அளவு சேற்றில் அவரைத் தூக்கிப் போனோம். மறுவாரம் பள்ளியில் நீங்கள் அமெரிக்க உரிமைப் போராட்டம் பற்றிப் பேசினீர்கள். பையன்கள் கைதட்டினார்கள்.

போன வருஷம் நீங்கள் அதே பெரிய கேட் வழியாகப் போனீர்கள். இரங்கல் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று உங்கள் மூத்த மகன் வந்து கேட்டார். "சொல்ல எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு தம்பி. நீங்க தாங்க மாட்டீங்க" என்றேன். நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

உள்ளே இட வசதி இல்லாமல் போனதால் உங்களைச் சுவரோரம் புதைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்தான்.

அந்த ஸ்லைடு என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்றும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடல் கடந்து போய் யாருடைய வேலிக்கோ முட்டி போட்டு அழுதுகொண்டிருக்கிறீர்கள். இந்தச் சுவர் இடியும் நாளில் அதை உங்கள் மகன்களிடம் கொடுப்பேன். அதுவரை என்னிடமே இருக்கட்டும்.