தட்டுகள் இல்லாத பை

கனியின் அப்பாவுக்கு, எங்கே போனாலும் என் வீட்டுக்காரராகவே இருக்கிறவருக்கு,

உங்கள் பையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம், அதே பைதான். மலையேறப் போகும்போது முதுகில் மாட்டிக்கொண்டு போவீர்களே, அந்த நீலப் பை. மூன்று மாதம் என் பின்னாலேயே சுற்றினீர்கள். "செல்வி, இந்த ஞாயித்துக்கிழமையாவது தைச்சுக் குடு செல்வி." நான் என்ன சொன்னேன்? "ஊரார் ப்ளவுஸைத் தைக்கவே எனக்கு நேரம் இல்ல, உங்க விளையாட்டுச் சாமானுக்குப் பை ஒண்ணுதான் கொறச்சல்." இப்போது நேரம் கிடைத்துவிட்டது. மாட்டிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. திருப்திதானே?

நீங்கள் போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. சாகண் தொழிற்சாலையிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். தினமும் தூங்கிக்கொண்டு வருகிறவர்தானே என்று கூட இருந்தவர்கள் பேசாமல் விட்டுவிட்டார்களாம். நம் கசார்வாடி ஸ்டாப் வந்ததும் உலுக்கியபோதுதான் தெரிந்திருக்கிறது. இதயம் எத்தனை மணிக்கு நின்றது என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதா? தாளித்துக்கொண்டிருந்தபோதா? உங்களுக்காவது தெரியுமா?

இந்த மராத்தி ஊரில் இருக்கும் தமிழர்கள் போடும் மலரில் உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உங்களுக்கே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி உங்களை ஆறு மாதப் பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பியது. அங்கே போனவர்கள் எல்லாம் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டு வருவார்கள். நீங்கள் பெட்டியைத் திறந்து பத்து பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்து வைத்தீர்கள். "இதுல சோறு போட்டாக்கூட நிக்காதேங்க" என்றேன். டிஸ்க் கோல்ஃப் என்றீர்கள். கோல்ஃபில் பந்தை அடிப்பது போல இதில் தட்டை வீச வேண்டும், குறைந்த வீச்சில் குறியைத் தொடுகிறவர் ஜெயித்தவர். அங்கே குறிக்கு இரும்புக் கூடை நட்டு வைத்திருப்பார்களாம். நீங்கள் விளையாடப் போகும் நிக்டி குன்றில் கூடைக்கு எங்கே போவது? நான் வெட்டிப் போட்ட சிவப்பு ப்ளவுஸ் துணியைக் கீற்றுக் கீற்றாக எடுத்துப்போய் மரங்களில் கட்டினீர்கள். ஞாயிறு விடிந்தால் அப்பாவும் மகளும் வீட்டில் இருக்க மாட்டீர்கள்.

பத்துத் தட்டும் பாஸ்மதி அரிசி வந்த ஜிப் பையில் கிடந்தன. தூரம் போக ஒன்று, வளைந்து போக ஒன்று, பக்கத்தில் குறி பார்க்க ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காமே. வேண்டிய தட்டு எப்போதும் அடியில் இருக்கிறது என்று புலம்பினீர்கள். மலைப் பையை எடுத்துவந்து, முன்பக்கத்தை மூன்று பக்கம் வெட்டி ஜிப் வைத்து, கதவு மாதிரிக் கீழ்நோக்கித் திறக்கிறபடி செய்து, உள்ளே சமையலறை ஸ்டாண்டில் தட்டு நிற்பதுபோல வரிசையாக நிற்கத் தடுப்பு வைத்துத் தரச் சொன்னீர்கள். படமும் போட்டுக் கொடுத்தீர்கள். நான் பையையும் படத்தையும் சுருட்டி மெஷினுக்கு அடியில் தள்ளினேன். அதனால்தான் அது மட்டும் தப்பியது.

தப்பியது என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா, "ஏ செல்வி, போனவன் துணிமணியக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு அழுவ? எடுத்துக் குடுத்துரு" என்றார்கள். உங்கள் பேன்ட், சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். அரிசிப் பையையும் தூக்கிப் போட்டேன். அவள் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அந்தப் பையின் ஜிப்பைத் திறந்து பார்த்தேன். பத்துத் தட்டும் இருந்தன. பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. நாற்பத்து மூன்று வயதில் என்னை இப்படி நடுத்தெருவில் விட்டுப்போன மனுஷனுக்கு விளையாட்டுச் சாமான் ஒரு கேடா என்று தோன்றியது. போகட்டும் சனியன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அன்று சாயங்காலம் கனி பள்ளியிலிருந்து வந்து, "அப்பாவோட டிஸ்க் எங்கம்மா?" என்று கேட்டாள். "துணியோட துணியா போயிருச்சு போல. நான் பாக்கலம்மா" என்றேன். பதினாலு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. மூன்று வாரம்! சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்து போவாள். பள்ளியிலும் வாயைத் திறப்பதில்லை என்று டீச்சர் போன் செய்து சொன்னார். நமக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அதுவும் என் கையை விட்டுப் போகிறதே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் பாத்திரக்காரியைத் தேடாத இடமில்லை. மூன்றாம் நாள் பிம்ப்ரி ரயில்வே கேட் பக்கம் பிடித்தேன். எல்லாம் அன்றைக்கே பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாருக்குப் போய்விட்டது தாயி என்று மராத்தியில் சொல்லி, என் முகத்தைப் பார்த்து அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜூனா பஜாருக்கும் போனேன். புதன்கிழமையும் போனேன், ஞாயிற்றுக்கிழமையும் போனேன். தரையில் விரித்துப் போட்டிருந்த பழைய துணிக்கும் பூட்டுக்கும் ரேடியோவுக்கும் நடுவே, "பறக்குற தட்டு, பிளாஸ்டிக் தட்டு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்திக்கொண்டு நடந்தேன். ஒருவன் நாய்க்குச் சோறு வைக்கிற தட்டை எடுத்துக் காட்டினான். உங்கள் சட்டை ஒன்றை ஒரு கடையில் பார்த்தேன். பழுப்புக் கோடு போட்டது, காலர் நான் மாற்றித் தைத்தது. தட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மெஷினுக்கு அடியிலிருந்து நீலப் பையை இழுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டைத்தான் தொலைத்தேன், பையையாவது செய்து வைத்தால் இந்தப் பிள்ளை ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்க்காதா என்றிருந்தது. நீங்கள் மாட்டி மாட்டித் தோள்பட்டை வார் கறுத்துப்போயிருந்தது. அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

அந்தத் துணி லேசில் மசிகிறதா? ப்ளவுஸ் தைக்கிற ஊசி இரண்டு உடைந்தது. ரவிவார் பேட் கடைத்தெருவுக்குப் போய்ப் பதினெட்டாம் நம்பர் ஊசியும் நைலான் நூலும் கனமான ஜிப்பும் வாங்கி வந்தேன். நீங்கள் மலையில் விரித்துப் படுக்கிற ஸ்பாஞ்சுப் பாயை வெட்டி, துணி சுற்றித் தடுப்பு செய்தேன். அடியில் விறைப்பாக நிற்க, கம்பெனிப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் அட்டையை வைத்தேன். அளவுதான் தெரியவில்லை. உங்கள் படத்தில் எல்லாம் இருக்கிறது, தட்டின் அளவு மட்டும் இல்லை. தட்டுதான் வீட்டில் இருக்கிறதே என்று விட்டிருப்பீர்கள். நான் நாம் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டை வைத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தடுப்புகளைத் தைத்தேன்.

கனி பள்ளியிலிருந்து வந்தாள். ஷூவைக் கழற்றினாள். மெஷின் பக்கம் வந்து நின்று பார்த்தாள்.

"அம்மா, இது கலத், தப்பு. டிஸ்க் இவ்ளோ பெருசு இல்ல."

எனக்குக் காது கேட்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தையலைப் பார்த்தபடியே, "பின்ன எவ்ளோ பெருசு?" என்றேன். கையை விரித்துத் துணிமேல் வைத்தாள். "என் சாணுக்கு ரெண்டு விரல் ஜாஸ்தி. அவ்ளோதான்." போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அன்று அவள் மூன்று இட்லி சாப்பிட்டாள்.

மறுநாள் நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஜிப்பை வேண்டுமென்றே வலது கைக்குத் தோதாக வைத்துத் தைத்தேன். இருபது வருஷமாகத் தையல்காரி, உங்களோடு பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணினவள், உங்களுக்கு இடது கைப் பழக்கம் என்று தெரியாதா எனக்கு? கனி வந்து பார்த்ததும், "அப்பா லெஃப்ட் ஹேண்ட் அம்மா! இந்தப் பக்கம் வரணும்" என்று கத்தினாள். பிரித்தேன். அடுத்த நாள் பத்துத் தட்டுக்கு நாலே அறை வைத்தேன். அதற்கு அடுத்த நாள் தண்ணீர் பாட்டில் நுழையாத பாக்கெட் தைத்தேன்.

ஒவ்வொரு தப்புக்கும் நாலு வார்த்தை கூடக் கிடைத்தது. நீங்கள் வீசின தட்டு நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் காலடியில் விழுந்து, நீங்கள் "சாரி காக்கா, சாரி காக்கா" என்று மராத்தி முறை வைத்துக் கூப்பிட்டபடி ஓடிய கதையைச் சொன்னாள். அவள் ஜெயிப்பதற்காக உங்கள் கணக்கில் இல்லாத வீச்சைச் சேர்த்துச் சொல்வீர்களாமே? பையைப் பிரிப்பதும் தைப்பதுமாக எட்டு நாள் ஓட்டினேன். கடைசித் தோள்வாரும் தைத்துவிட்டால் பிள்ளை மறுபடி ஊமையாகிவிடுவாளோ என்று, அவள் பள்ளிக்குப் போன பிறகு தைத்ததையே பிளேடு வைத்துப் பிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு என்று நானே கேட்டுக்கொண்டேன்.

நேற்று மாட்டிக்கொண்டேன். தோள்வாரைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தேன். கனி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் யூனிஃபார்ம் எல்லாம் நீதான தைக்கிற. நீ வேணும்னுதான் தப்பா தைக்கிற, இல்ல?"

ஆமாம் என்றேன். சொன்னதும் எனக்குள் எதுவோ உடைந்துபோனது. "டிஸ்க்கையும் தெரிஞ்சுதான் குடுத்தேன் கனி. ஜிப்பைத் திறந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏம்மா?"

"கோபம். உங்க அப்பா மேல."

அவள் கத்துவாள், பையைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். குன்று ஏறும்போது இரண்டு தடவை நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். போன தடவை வேர்த்துக் கொட்டியதாம். "அம்மாகிட்ட சொல்லாத, அவ பயந்துருவா" என்று அவள் கையில் அடித்து சத்தியம் வாங்கினீர்களாம். "நான் சொல்லிருந்தா அப்பா இருந்திருப்பாரு. வாயத் திறந்தா அதான் வெளிய வரும்னு பயமா இருந்துச்சும்மா. அதான் பேசல" என்றாள்.

நான் தட்டுக்காகப் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து பஜார் பஜாராக அலைந்தேன். பிள்ளை நெஞ்சுக்குள் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? நான் பயந்தால் என்ன, பயந்து போகிறேன்! தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போயிருப்பேனே. அந்தச் சின்னக் கையிலா சத்தியம் வாங்குவது?

அவளை மடியில் போட்டுக்கொண்டேன். "நீ சொல்லியிருந்தாலும் அவர் இது வெறும் வாயுத் தொல்லைன்னு சிரிச்சிருப்பாரு கனி. எனக்குத் தெரியும். உன் தப்பு இல்ல" என்றேன். நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றேன். நிஜமா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் சொல்லவும் போவதில்லை.

இதை அச்சில் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்க வராது, இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். "போடு" என்றாள்.

ஆகவே என் வாக்கு இது. "நிஜமா?" என்று அவள் இனியும் கேட்பாள். நாளைக்கும் கேட்பாள், கல்யாணம் ஆன பிறகும் கேட்பாள். உன் தப்பு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது போலவே சொல்வேன். நானே அதை நம்பாத நாளிலும் சொல்வேன். நான் சாகும்வரை சொல்வேன்.

கோபம் இன்னும் ஆறாத உங்கள் மனைவி,
கனியின் அம்மா,
செல்வி