சமையலறைக்கு மேலே ஒரு அறை

மார்ச் 4, செவ்வாய்
வாடகை வீட்டை விற்கப்போகிறார்களாம். ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். போகட்டும் சனியன். சுவரெல்லாம் பூஞ்சை, எங்கள் மகள் மாலிக்கு மூன்று வயதிலேயே மூச்சிழுப்பு.

மேல்தெருவில் ஒரு வீடு பார்த்தோம். எனக்கும் என் புருஷன் மெய்ரியனுக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. பின்பக்கச் சமையலறைக்கு மேலே ஒரு அறை, வெயில் கொட்டுகிறது. வேல்ஸில் வெயில்! அது மாலிக்குத்தான்.

மார்ச் 13, வியாழன்
பத்திர வேலைக்கு எய்ர்லிஸ் பிரிட்சார்டைப் பிடித்திருக்கிறோம். கன்வேயன்சர், வீடு கைமாறும்போது சட்டச் சிக்கல் பார்க்கிறவள். இறைச்சிக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம்.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப!"

"அப்ப இனிமே அந்த வீட்டைத் திட்டுறது என் வேலை."

என்னமாய்ப் பேசுகிறாள்! எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஏப்ரல் 9, புதன்
வீட்டுக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லையாம். பயமில்லை. ஆனால் எய்ர்லிஸ் வேறொன்றைப் பிடித்துவிட்டாள். "அந்த வரிசையில எல்லா வீட்டுச் சமையலறையிலயும் நடுவுல ஒரு சுவர் உண்டு. இதுல மட்டும் எங்க போச்சு?" யாரோ எப்போதோ இடித்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஊர் நிர்வாகம் பார்க்கிற கவுன்சிலின் அனுமதி இல்லை. விற்கிற கிழவருக்கே தெரியாதாம். நானானால் ஜென்மத்துக்கும் கவனித்திருக்க மாட்டேன்.

அனுமதி இல்லாமல் வங்கி கடன் தராது. அதற்கும் வழி வைத்திருக்கிறாள். கவுன்சில் பின்னால் தொல்லை கொடுத்தால் ஈடுகட்ட ஒரு காப்பீடு. எல்லோரும் செய்வதுதானாம். "ஆனா கவுன்சில் காதுக்கு விஷயம் போகக்கூடாது, கண்ணு. போச்சுன்னா எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது." அழுத்திச் சொன்னாள். இருவரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 16, புதன்
மெய்ரியன் கவுன்சிலுக்குப் போன் பண்ணிவிட்டான். பண்ணிவிட்டான்! அதுவும் வீட்டு எண்ணோடு!

"மறைச்சு வாங்குற மாதிரி இருந்துச்சு, நெஸ்டா. மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டேன்"ங்கறான். மரியாதையாம் மரியாதை! பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊர் வழக்கப்படி டிரைவருக்கு நன்றி சொல்லு, யாரு வேண்டாங்கறா? கவுன்சிலுக்குமா? புள்ள ராவெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இந்த மனுஷனுக்கு யோக்கியன்னு பேர் எடுக்கணும்.

வீடு போச்சு.

ஏப்ரல் 17, வியாழன்
எய்ர்லிஸிடம் நான்தான் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "வருஷத்துக்கு ஒருத்தராவது இதைப் பண்ணிடறாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரையும் ஒரு வார்த்தை கேக்காம இருக்க முடியாது."

இனி ஒரே வழிதான். கவுன்சில் இன்ஸ்பெக்டர் வந்து சமையலறையின் உட்கூரையைத் திறந்து பார்த்துச் சான்று தரவேண்டும். கிழவர் சம்மதிக்க வேண்டுமே! அவருடைய கன்வேயன்சரை என் எதிரிலேயே போனில் பிடித்தாள். "இவங்க போயிட்டா, அடுத்து வர்றவங்களும் இதையே கேப்பாங்க இல்ல?" குரல் கொஞ்சமும் உயரவில்லை. எப்பேர்ப்பட்ட நிதானம்! மாலைக்குள் கிழவர் சரி என்றுவிட்டார்.

மெய்ரியனிடம் நான் இன்னும் பேசவில்லை.

மே 8, வியாழன்
திறந்துவிட்டார்கள். சுவரை இடித்த இடத்தில் உத்தரமே இல்லை. மேல் அறையை, அதன் செங்கல் சுவரை, இத்தனை நாளும் தாங்கியது இற்றுப்போன ரெண்டு பலகை. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாராம்.

போனில் எய்ர்லிஸின் குரலே சரியில்லை. "காப்பீட்டை வாங்கிக் குடுத்து நானே உங்களை உள்ள அனுப்பியிருப்பேன், கண்ணு. பத்திரமெல்லாம் சுத்தமா இருந்திருக்கும்." அப்புறம் சொன்னாள்: "உன் புருஷனுக்கு நன்றி சொன்னேன்னு சொல்லு. இல்ல, போனை அவர்கிட்ட குடு. நானே சொல்றேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்வார்களா? என் மனதில் இன்னும் உயர்ந்துவிட்டாள்.

மெய்ரியன் காது வரை சிவந்து, "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்றான். மாலியின் கட்டிலை எங்கே போடுவதாக இருந்தோம்? அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஜூன் 12, வியாழன்
இரும்பு உத்தரம் ஏறியாச்சு. சான்றும் வந்தாச்சு.

ஜூன் 27, வெள்ளி
சாவி கைக்கு வந்துவிட்டது. பெட்டிகளுக்கு நடுவே டீ போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் தொம் தொம் என்று சத்தம். மாலி குதிக்கிறாள்.

"ஏய், மெதுவா!" என்று மெய்ரியன் படிப்பக்கம் ஓடினான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடு. குதிக்கட்டும்."

டீ ஆறும் வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.