பால் வண்டிக்கு நகரும் தடுப்பு

இன்று காலை பழைய செய்தித்தாள் கட்டை அம்மா பரணிலிருந்து இறக்கியபோது பள்ளிக் கண்காட்சிக்கு நாம் செய்த அட்டை நழுவி விழுந்தது. ஓரத்தில் தெர்மாகோல் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. நடுவில் உன் கையெழுத்து: 'வெளியிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆர்.என்.ஏ. வருவதில்லை.' கடைசிச் சொல்லில் ஒரு கோடு மேலே துள்ளியிருக்கிறது. அங்கேதான் உன் கை தூக்கிப்போட்டது. வேறு அட்டை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வுடுடி. படிக்கிறவங்க தூங்காம இருப்பாங்க" என்றாய்.

நாம் பதினொன்றாம் வகுப்பில் இருந்தோம். அறிவியல் கண்காட்சியும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்துவிட்டன. கிரிவலக் கூட்டத்துக்காக உன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ அங்கிருந்து நடந்தே வந்து, பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாய்.

"இன்னாடி இவ்ளோ நேரம்?"

"உடம்புல வோல்டேஜ் கம்மி. நாலு எடத்துல உக்காந்து எழுந்து வரேன்." தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தாய். "எங்க பஸ்ஸ வுடமாட்டேன்னுட்டாரு போலீஸ்காரு. பால் வண்டி வந்துது பாரு, அவரே எழுந்து தடுப்ப நவுத்தறாரு. நான் கேனுக்குள்ள உக்காந்து வந்திருக்கணும்."

உன் நோயின் பெயர் எழுதிய சீட்டை டாக்டர் கொடுத்ததும் நீ என்னிடம்தான் கொண்டுவந்தாய். "ஏய் லைப்ரரி, இத படிச்சி சொல்லு." நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு. உனக்கு அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் அங்கே உருவாகும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. சரியாக வேலை செய்யவில்லை. உன் களைப்பும் கை உதறலும் அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வந்தன. நம் கண்காட்சி மாதிரிக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவளும் நீதான்.

ஆரஞ்சு வண்ணம் பூசிய தெர்மாகோலில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சுவர் வைத்தோம். நீ உள்சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாய்.

"வெளியில நல்லதா ஒன்னு செஞ்சி உள்ள அனுப்பினா?"

"புரதம்னா போகும். ஆர்.என்.ஏ. போகாது. அது உள்ளயேதான் உருவாகணும்."

"பால் வண்டி மாதிரி ஒன்னு கூடவா போகாது?"

"போகாதுடி. புத்தகத்துல இல்ல."

உள்சுவரிலிருந்து கையை எடுத்தாய். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினாய். "சரி. சொல்லு, எழுதறேன்." நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். உன்னைப் பற்றிய தீர்ப்பை உன் கையாலேயே எழுத வைத்தேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மார்கழியில் நீ போனாய். சித்திரையில், வேங்கிக்காலில் அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் பழைய அறிவியல் இதழ்கள் கிடைத்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை மூன்று நாள் படித்தேன். வெளியே, செல்லின் உட்கருவில் பிறக்கும் சில ஆர்.என்.ஏ.க்கள் மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றனவாம். அவை எந்தப் புரதத்துக்கும் செய்முறை சொல்வதில்லை. தாங்களே வேலை செய்கின்றன. ஒன்று உள்ளே இருக்கும் நீண்ட ஆர்.என்.ஏ. இழைகளை வெட்டிச் சீராக்க உதவுகிறது என்று கருதுகிறார்கள். இன்னொன்று அங்கே என்ன செய்கிறது என்றே சரியாகத் தெரியவில்லை. நான் மேலே வாசிக்க முடியாமல் இதழை மூடிவிட்டேன். கண்ணுக்கே தெரியாத ஓர் இடத்தில் இரண்டு சுவர் இருக்கிறது. அதற்கும் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவலும் யாருக்கோ எழுந்து தடுப்பை நகர்த்துகிறது.

மறுநாள் மிச்சத்தைப் படித்தேன். உன்னைப் போன்றவர்களின் செல்களை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்து, ஈஸ்ட்டின் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றை உள்ளே போக வைத்திருக்கிறார்கள். களைத்துக் கிடந்த செல்கள் ஓரளவு தேறியிருக்கின்றன. கிண்ணத்தில்தான், மனிதருக்கு இன்னும் இல்லை. அது உன்னைக் காப்பாற்றியிருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்ட கேள்விதான் அவர்களும் கேட்ட கேள்வி. நீ பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய். நான் இல்லை என்றேன்.

இன்றும் பௌர்ணமி. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அதற்குக் கீழே என் எழுத்தில் எழுதினேன்: 'தவறு என்னுடையது. சில வருகின்றன.' எந்த வழியாக வருகின்றன என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்கு ஒரு வரி அளவு இடம் விட்டிருக்கிறேன்.

நம் தெர்மாகோல் சுவரில் நாம் வாசலே வைக்கவில்லை, கவனித்தாயா? நீ மட்டும் வாசல் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாய்.