சீட்டு ஒட்டிய காரப் பாட்டில்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மனைவி பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். ஏன் என்றால், "அட்டையை மென்னு முழுங்கற மாதிரி இருக்குங்க. எவ்வளவுதான் முழுங்கறது" என்கிறாள். காய்ச்சல் விட்டு ஏழு வாரம் ஆகிறது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் அவளுக்கிருந்த வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பியும் வெந்நீரும் அவளுக்கு இப்போது ஒன்றுதான்.

இது எனக்கு வந்திருந்தால் பரவாயில்லை. நான் லிஃப்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பிக்கயிற்றையும் கதவு உருளையையும் மோந்து பார்த்தா எடுத்துக் கொடுக்கிறேன்? அவளோ முப்பது பேருக்கு மதியம் சமைக்கிற ஆபீஸ் சமையலறையில் பதினாலு வருஷமாகத் தலைமைச் சமையல்காரி. "தீஞ்சது எது, கெட்டது எதுன்னு தெரியாதவ கையில முப்பது வயித்தைக் குடுக்கலாமா" என்று தானாகவே லீவு போட்டுவிட்டாள். அடுப்புப் பக்கமே போவதில்லை. வீட்டில் என் சமையல். அதற்கு வாசனை தெரியாமல் இருப்பதே மேல்.

ஒரு நல்ல சேதி. பக்கத்து வீட்டில் பார்சலோடு வந்த சில்லி சாஸ் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். முட்டை மேல் பிழிந்துகொண்டாள். கண் கலங்கியது. "ஏதோ இருக்குங்க" என்றாள். ஏழு வாரத்தில் இதுதான் முதல் 'இருக்கு'.

மார்ச் 6, வியாழன்

காது மூக்கு டாக்டரிடம் போனோம். சாஸ் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எரிச்சல் வேற நரம்பு, வாசனை வேற நரம்பு. அதுக்காக இது வீண்னு நினைக்காதீங்க. காரம் இருந்தா சாப்பிடுவாங்கன்னா குடுங்க. தினமும் நாலஞ்சு வாசனை மோந்து பாக்கட்டும். சும்மா இல்ல, பேரை மனசுல நினைச்சுக்கிட்டு மோக்கணும்."

"வந்துடுமா டாக்டர்?"

"வரும்னுதான் பாக்கறோம். சில பேருக்கு முழுசா வர்றதில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த முதல் வாக்கியத்தை மட்டுமே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தோம்.

மார்ச் 8, சனி

சாஸ் வாங்கப் போனேன். மிளகு கடித்தாலே விக்கல் எடுக்கிறவன் நான். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

பெரிய கடையில் ஒரு அலமாரி முழுக்கச் சாஸ். எதை எடுப்பது? பணியாளரைக் கேட்டேன். "எல்லாம் காரம்தான் சார்" என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல். மண்டையோட்டுப் படமும் அதன் தலையில் தீயும் போட்டிருந்ததை எடுத்து வந்தேன். படம் பயங்கரமாக இருந்தால் சரக்கும் நன்றாக இருக்கும் என்று எப்படித்தான் எனக்குத் தோன்றியதோ.

அவளுக்கு அரை ஸ்பூன், எனக்கு ஒரு சொட்டு. அதற்கப்புறம் இருவரும் தண்ணீர்ச் சொம்புக்கு அடித்துக்கொண்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

இருவருக்கும் வயிறு சரியில்லை. கழிவறை ஒன்றுதான். அவளுக்கே முன்னுரிமை.

மார்ச் 15, சனி

சந்தைக்குப் பின்னால், சாவி செய்கிறவர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு கடை. உள்ளே போனால் சுவர் முழுக்கப் பாட்டில்கள். கல்லாவில் ஒரு அம்மாள், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. பாட்டில்காரம்மா என்று மனதுக்குள் பேர் வைத்துவிட்டேன். மண்டையோட்டுக் கதையைச் சொன்னேன்.

"முன்னாடி படம் பாத்து வாங்கினீங்களா? பின்னாடி திருப்புங்க. எது முதல்ல எழுதியிருக்கோ அதுதான் உள்ள அதிகம். மிளகாய் முதல்ல வரணும். தண்ணியும் சர்க்கரையும் முதல்ல வந்தா அது சர்பத்து. அதைக் குடிச்சுட்டுப் போகலாம்."

வெட்கமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டியைத் திருப்பிச் சீட்டைப் படிக்காமல் ஒரு ஆணியைக்கூட நான் உள்ளே விட்டதில்லை.

ஒவ்வொன்றாகக் காட்டினார். பாட்டிலைச் சாய்த்தால் மெதுவாக இறங்க வேண்டுமாம். நிறம் ரொம்ப சிவப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். அவளுக்கு வாசனை தெரியவில்லை என்றதும் அவருடைய கை நின்றது. "அப்ப சும்மா எரியறது வேண்டாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு வாசனை தூக்கலா இருக்கற மாதிரி எடுங்க" என்று ஐந்து பாட்டில்களை எடுத்து வைத்தார். மனுஷி.

மார்ச் 16, ஞாயிறு

பேரை நினைத்துக்கொண்டு மோக்க வேண்டும் என்றாரே டாக்டர், பேர் யார் சொல்வது? நான்தான். ஒவ்வொன்றையும் ரொட்டித் துண்டில் தொட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, சீட்டு எழுதிப் பாட்டிலில் ஒட்டினேன். பொருளின் பேர், அளவு, சரிபார்த்தது என்று அச்சடித்த ஸ்டோர் சீட்டையே கொண்டுவந்திருந்தேன். 'பூண்டு. நுனி நாக்கு. மெதுவாக ஏறும்.' 'புகை. தொண்டை. சட்டென்று.' பழக்க தோஷத்தில் கீழே 'சரிபார்த்தது' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அதைப் பார்த்து அப்படிச் சிரித்தாள். "ஏங்க, உங்க ஸ்டோருக்கு லிஃப்ட் சாமானோட சேர்த்து என்னையும் வரவு வச்சுட்டீங்களா?" அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. இரண்டு முட்டை சாப்பிட்டாள். முழுதாக.

மார்ச் 30, ஞாயிறு

"பூண்டு லேசா தெரியுதுங்க" என்றாள்.

லேசாகத்தான். தெரிகிறதே.

ஏப்ரல் 6, ஞாயிறு

புகையும் தெரிகிறதாம். கடுகும் தெரிகிறதாம். ஸ்டோரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஃபோர்மேன், "அண்ணே, உங்க வீட்டு சாஸை எனக்கும் ஒரு பாட்டில் குடுங்க, எனக்கு மூளை வரட்டும்" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவள் வேலை செய்யும் ஆபீஸ் வழியாக வந்தேன். வாசலிலேயே மேலாளரம்மா. வாய் சும்மா இருந்ததா? "வாசனை வந்துக்கிட்டே இருக்கு, மே மாசம் வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இப்போது வருகிற தற்காலிக ஆளை ஏப்ரலோடு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

வீட்டில் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய், "யாரைக் கேட்டுச் சொன்னீங்க" என்றாள். பதினாலு வருஷ அடுப்பு, பயம் இருக்காதா. இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஏப்ரல் 12, சனி

ஆனைக்கும் அடி சறுக்கும். நான் ஆனைகூட இல்லை.

போன ஞாயிறு சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். ஈரத்தில் இரண்டு சீட்டு உரிந்து தட்டில் கிடந்தது. எது எதனுடையது என்று மோந்துகூடப் பார்க்காமல் எடுத்து ஒட்டினேன். இன்று காலை 'புகை' என்று ஒட்டியதை ரொட்டியில் தடவினேன். பூண்டு. சந்தேகமே இல்லை, பூண்டு. 'பூண்டு' என்று ஒட்டியது புகை. ஆறு நாளாக மாறிக் கிடக்கிறது.

சரி, ஸ்டோர் கீப்பர் தப்பு பண்ணிட்டான், சிரிச்சுட்டுப் போகலாம்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கில் இதே பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு என்ன சொன்னாள்? "இன்னைக்குப் புகை நல்லாத் தெரியுதுங்க."

அப்ப அவளுக்கு எதுவும் தெரியலை. சீட்டைப் படிச்சுட்டுச் சொல்லியிருக்கா. எத்தனை நாளா? ஆரம்பத்துல இருந்தேவா? நான் ஊரெல்லாம் தமுக்கடிச்சு, அங்க போய் வாக்கு வேற குடுத்து — ஐயோ.

ஏப்ரல் 13, ஞாயிறு

கேட்டுவிட்டேன். நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு, காலையில் பாட்டிலை மேஜையில் டொக்கென்று வைத்து, "இது என்ன வாசனை, சீட்டைப் பாக்காம சொல்லு" என்றுதான் கேட்டேன். புத்தி.

பாட்டிலைத் தள்ளி வைத்தாள். "ஒண்ணும் தெரியலை" என்றாள். "ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."

"அப்புறம் ஏன் பொய் சொன்னே?"

"நீங்க கண்ணுல தண்ணி வழிய வழிய ருசி பாத்து எழுதறீங்க. எழுதி முடிச்சுட்டு என் மூஞ்சியவே பாக்கறீங்க, பரீட்சை எழுதின பையன் மாதிரி. 'தெரியலை'ன்னு சொன்னா உங்க மூஞ்சி விழுது. எத்தனை தடவ அதைப் பாக்கறது? எனக்கு இருக்கறது போதாதா?"

அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. "நீங்க பாட்டுக்கு அங்க போய்ச் சொல்லிட்டீங்க. நான் போய் நின்னு, கெட்டுப்போனது தெரியாம முப்பது பேருக்குப் போட்டா என்ன பண்ணுவீங்க? அஞ்சு நாளா எனக்குத் தூக்கமே இல்ல." அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இந்தத் தடவை சாஸ் இல்லாமலே.

அவளுக்காக ஊரெல்லாம் அலைகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேனே, அவள்தான் இத்தனை நாளும் என்னைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள்.

சீட்டையெல்லாம் உரிக்கப் போனேன். தடுத்துவிட்டாள். "இருக்கட்டும். பேரை நினைச்சுக்கிட்டுத்தானே மோக்கச் சொன்னார். இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. அவ்வளவுதான்."

ஏப்ரல் 15, செவ்வாய்

மேலாளரம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். தற்காலிக ஆளை மே கடைசிவரை இருக்கச் சொல்வதாகச் சொன்னார். அதற்கு மேல் நிரந்தரமாக ஒருவரைப் போட்டே ஆக வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

"தெரியலை" என்றாள். "சரி" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தெரியலை. ஆனால் ஒரு கிலோ ஏறியிருக்கிறாள். காரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

மே 4, ஞாயிறு

தெரியலை.

மே 10, சனி

முதல் முறையாக அவளையும் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் ஒரு மூலையில் நின்றேன். அவளும் பாட்டில்காரம்மாவும் பத்து வருஷம் பழகியவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். எந்த மிளகாயை விதையோடு அரைப்பது, எதை வதக்கி அரைப்பது, உப்பில் எத்தனை நாள் ஊறவைப்பது. நான்கு மாதமாகச் சமையல் பேச்சையே எடுக்காதவள். பேசும்போது அவளுடைய கை தானாகக் கிண்டிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பாட்டில்காரம்மா உள்ளே போய்ச் சின்னப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். மஞ்சள் நிறம், மேலே ஒரு எழுத்தும் இல்லை. "இது விக்கறதுக்கில்ல. எனக்காகப் பண்ணிக்கறது. வச்சுக்கம்மா."

பின்னால் திருப்பிப் படிக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து ருசி பார்த்தேன். புளிப்பு, பழ வாசனை, காரம் நிதானம். 'எலுமிச்சை. நாக்கின் இரு பக்கம்.' சரிபார்த்தது, கையெழுத்து.

மே 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

முட்டை மேல் மஞ்சள் சாஸை விட்டுக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள். பாட்டிலை எடுத்துச் சீட்டைப் படித்தாள். இன்னொரு வாய்.

"இது எலுமிச்சையா?"

"ஆமா. எழுதியிருக்கேனே."

"இல்லைங்க."

"என்ன இல்ல? நான் ரெண்டு தடவ பாத்தேன்."

"எலுமிச்சை இல்ல. ஆரஞ்சு. பழம்கூட இல்ல, தோலு. உரிக்கறப்ப கண்ணுல தெறிக்குமே, அது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? மஞ்சள் நிறம் பார், புளிப்பைப் பார் என்று ஐந்து நிமிஷம் வழக்காடினேன். அவளும் விடவில்லை. "நீங்க சீட்டு எழுதிட்டா ஆரஞ்சு எலுமிச்சை ஆயிடுமா" என்றாள். நானும் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

சீட்டில் இல்லாததைச் சொல்கிறாள்.

அவளுக்கும் அதே நேரம் உறைத்திருக்க வேண்டும். ஸ்பூன் பாதியில் நின்றது. "ஏங்க" என்றாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முட்டை ஆறிப்போனது.

மே 13, செவ்வாய்

வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். மூச்சு வாங்க, "அதுல என்ன போட்டிருக்கீங்க" என்று கேட்டேன்.

"புளிப்புக்குக் காடி, அதான் வினிகர். மஞ்ச மிளகா. ஆரஞ்சுத் தோலைக் காய வச்சுக் கொஞ்சம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன், எலுமிச்சைன்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"என் பொண்டாட்டி சொல்லலை" என்றேன். கடை நடுவில் நின்றுகொண்டு அழுதேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். காரத்துக்கு என்று நினைத்து யாரோ ஒருவர் சிரித்தார்.

மே 18, ஞாயிறு

ஆரஞ்சு தெரிகிறது. காப்பி கொஞ்சம். பூண்டு இன்னும் இல்லை. கருகல் வாசனைக்காக ரொட்டியை வேண்டுமென்றே தீய்த்துவிட்டு, அவளை வாசலிலிருந்து உள்ளே கூப்பிட்டேன். "அடுப்புல என்ன வச்சிருக்கீங்க" என்றபடியே வந்தாள். ரொட்டி போனால் போகிறது.

மே 25, ஞாயிறு

பூண்டு. அவளே பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பால் திரிந்ததையும் நேற்று என்னை முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் மேலாளரம்மாவுக்கு அவளே போன் செய்தாள். நான் அறையை விட்டே வெளியே போய்விட்டேன்.

ஜூன் 2, திங்கள்

விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டு, எனக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மதியம் ஸ்டோரில் சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். மூடியில் என் ஸ்டோர் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. பொருளின் பேர் எழுதவில்லை, அளவும் எழுதவில்லை. கீழே 'சரிபார்த்தது' என்ற இடத்தில் மட்டும் அவள் கையெழுத்து.